லண்டனில் வீடு விற்கும்போது சொலிசிட்டர் தாமதத்தைச் சமாளிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வாங்குபவர் கிடைத்துவிட்டார், விலையும் பேசியாகிவிட்டது, இரண்டு மாதத்தில் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று நம்பியவர்கள், ஐந்தாம் மாதத்திலும் அதே வீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஹாரோவில் எங்கள் வீட்டை விற்றபோது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு உறவினர், நண்பர் என்று ஆறு பேரின் விற்பனையில் கூடவே இருந்து படிவம் நிரப்பியிருக்கிறேன், கடிதம் எழுதியிருக்கிறேன்.

அந்த ஆறிலும் கண்டது ஒன்றுதான். விற்பனையின் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரைப் பற்றி "சொலிசிட்டர் இழுத்தடிக்கிறார்" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் ஏதோ ஒரு தாள் யாரோ ஒருவருக்காகக் காத்துக் கிடக்கிறது. அது எந்தத் தாள், யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் வேலை நகரும். தெரியாதவரை நாம் எழுதும் மின்னஞ்சல் எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் விற்பனை முறையே வேறு.

1. வீடு விளம்பரத்துக்குப் போகும் வாரத்திலேயே சொலிசிட்டரை அமர்த்துங்கள்

விலை படிந்த பிறகுதான் சொலிசிட்டரைத் தேட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் மூன்று வாரம் அங்கேதான் போகிறது. அடையாளச் சோதனை, நிறுவனத்தின் நிபந்தனைக் கடிதம், படிவங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும். ஆட்கள் வீடு பார்க்க வந்துபோகும் நாட்களிலேயே இவை அனைத்தையும் முடித்துவிடலாம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒப்பந்த வரைவு, வீட்டு உரிமைப் பதிவேட்டின் நகல், உங்கள் படிவங்கள் ஆகியவை அடங்கிய கட்டு வந்து சேரும்வரை வாங்குபவரின் சொலிசிட்டர் பொதுவாக எதையும் தொடங்குவதில்லை. வீட்டைப் பற்றி நகராட்சியிடம் உள்ள பதிவுகளைத் தேடிப் பார்க்கும் "தேடல்களுக்கு"ப் பணம் கட்டுவதையும் அதுவரை தள்ளிவைப்பார். உங்கள் பக்கம் ஒரு வாரம் பிந்தினால் அவர் பக்கமும் ஒரு வாரம் பிந்தும்.

அமர்த்தும் முன் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் கோப்பைக் கையாளப்போகிறவர் யார், அவருடைய நேரடி மின்னஞ்சல் என்ன? அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார்? தாள்களை மின்னஞ்சலில் ஏற்பீர்களா, தபாலில்தான் வேண்டுமா? இவற்றுக்குத் தடுமாறும் அலுவலகம் பின்னாலும் தடுமாறும்.

வீட்டை விற்றுத்தரும் ஏஜென்ட் கைகாட்டும் நிறுவனத்தைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பரிந்துரைக்கு அவருக்குக் கட்டணம் கிடைக்கிறதா என்று கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். தமிழ் பேசும் சொலிசிட்டர் வயதான பெற்றோருக்குப் பெரிய துணை. ஆனால் குடும்பத்துக்கு வேண்டியவர் என்பதாலேயே வேலை நின்றபோது வாய் திறக்க முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். தயங்காமல் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரை அமர்த்துவதே நல்லது.

2. லேண்ட் ரெஜிஸ்ட்ரி பதிவேட்டை முதலில் நீங்களே வாசியுங்கள்

வீட்டு உரிமைகளைப் பதிந்து வைக்கும் அரசுத் துறைதான் லேண்ட் ரெஜிஸ்ட்ரி. அரசின் இணையதளத்தில் 7 பவுண்டு கட்டினால் உங்கள் வீட்டின் பதிவேட்டு நகல் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். அதே தோற்றத்தில் அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்களும் உண்டு, முகவரியைப் பார்த்து நுழையுங்கள். நகலில் மூன்று இடங்களைக் கூர்ந்து வாசிக்க வேண்டும்.

முதலாவது பெயர். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய கண்ணி. வீடு வாங்கியபோது மனைவியின் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயர் இருந்திருக்கும். பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தபோது கணவரின் பெயர் வந்திருக்கும். ஆணாக இருந்தால் முதலெழுத்து விரிந்து முன்னால் வந்திருக்கும், அல்லது முன்பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறியிருக்கும். எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். ஆனால் பதிவேட்டில் இருப்பவரும் கடவுச்சீட்டில் இருப்பவரும் ஒருவரே என்று சொலிசிட்டர் ஆதாரத்தோடு உறுதி செய்தாக வேண்டும்.

என் சித்தி வெம்ப்ளி வீட்டை விற்றபோது இந்தக் கேள்வி எழுந்தது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள்களைப் பரிமாறிக்கொள்ளத் தயாராக இருந்த வாரத்தில். திருமணச் சான்றிதழ் யாழ்ப்பாணத்தில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. அது தேடி எடுக்கப்பட்டு, ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டு வந்துசேர்வதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. திருமணச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு ஆகியவற்றை முதல் நாளே கொடுத்து, "பெயர் வேறுபாட்டுக்கு இவை போதுமா, அல்லது உண்மை உறுதிமொழி ஒன்றில் கையெழுத்திட வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வீட்டின் மேல் பதிவாகியிருக்கும் கடன்கள். பத்து வருடத்துக்கு முன்னால் அடைத்துவிட்ட இரண்டாம் கடன் பதிவேட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை நீக்க அந்தக் கடன் நிறுவனம் டிஎஸ்1 என்ற விடுவிப்புப் பத்திரத்தையோ அதற்கு ஈடான மின்னணு அறிவிப்பையோ தர வேண்டும். பெயர் மாறிப்போன அல்லது வேறு வங்கியோடு சேர்ந்துவிட்ட நிறுவனமாக இருந்தால் அதற்கே வாரங்கள் ஆகும். ஹெல்ப் டு பை என்ற அரசுத் திட்டத்தில் பங்குக் கடன் எடுத்தவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஆர்ஐசிஎஸ் என்ற தொழில்முறை அமைப்பில் பதிவான மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும், அது மூன்று மாதம்தான் செல்லும். வீட்டைச் சந்தையில் போட்ட அன்றே மதிப்பீடு வாங்கினால் விற்பனை முடிவதற்குள் அது காலாவதியாகி, மறுபடியும் பணம் கட்ட வேண்டிவரும். வாங்குபவர் உறுதியான பிறகு வாங்குங்கள்.

மூன்றாவது, கட்டுப்பாட்டுக் குறிப்பு. கணவன் மனைவி இருவர் பெயரில் வீடு இருந்து ஒருவர் இறந்திருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தனி உரிமையாளர் ஒருவர் மட்டும் விற்று ரசீது கொடுக்க முடியாது என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், இருவரும் தனித்தனிப் பங்கு வைத்திருந்தார்கள் என்பது அதன் சாரம். அப்போது இறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, விற்பனைக்காக இரண்டாவது அறங்காவலர் ஒருவரை நியமிக்க வேண்டிவரும். அந்த வரி இல்லாத கூட்டு உரிமையாக இருந்தால் பெரும்பாலும் இறப்புச் சான்றிதழோடு வேலை முடிந்துவிடும். இறந்தவர் ஒரே உரிமையாளராக இருந்தால் அவர் சொத்தைக் கையாள நீதிமன்றம் தரும் அதிகாரமான புரோபேட் கையில் கிடைக்கும்வரை விற்பனை முடியாது. அதற்கான விண்ணப்பத்தைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் போட வேண்டும்.

3. டிஏ6, டிஏ10 படிவங்களை ஒரே மூச்சில், முழுமையாக முடியுங்கள்

டிஏ6 வீட்டைப் பற்றிய தகவல் படிவம். எல்லை, அண்டைவீட்டாரோடு தகராறு, செய்த கட்டட வேலைகள், உத்தரவாதங்கள் எல்லாம் அதில் வரும். டிஏ10 எந்தப் பொருளை விட்டுச் செல்கிறீர்கள், எதை எடுத்துச் செல்கிறீர்கள் என்பதற்கு. இவற்றின் பதிப்புகள் மாறிக்கொண்டிருக்கின்றன. நண்பர் கொடுத்த பழைய பிரதியில் எழுதாமல் உங்கள் சொலிசிட்டர் அனுப்பியதிலேயே எழுதுங்கள்.

எங்கள் கோப்பு மூன்று வாரம் நின்றது இந்தப் படிவத்தால்தான். இருபது பக்கத்துக்கும் மேல் நீலப் பேனாவால் பொறுப்பாக நிரப்பி, நான் கையெழுத்திட்டுத் தபாலில் போட்டேன். வீடு இருவர் பெயரில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே மனைவிக்கான கோடு வெறுமையாகவே இருந்தது. அலுவலகத்தில் அதைக் கவனித்தவர் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டித் தட்டில் வைத்துவிட்டு, விடுமுறையில் போய்விட்டார். நாங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தோம், அவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஏஜென்ட் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் அந்த ஒட்டுத்தாள் வெளிச்சத்துக்கு வந்தது. அதனால் அனுப்பும் முன் ஒவ்வொரு உரிமையாளரும் ஒவ்வொரு கையெழுத்து இடத்திலும் போட்டிருக்கிறார்களா என்று விரல் வைத்துப் பாருங்கள். அனுப்பிய மறுநாள், "முழுமையாக இருக்கிறதா?" என்று ஒரு வரி கேளுங்கள்.

எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். உண்மையிலேயே தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம். வெற்றிடம் இருந்தால் எதிர்த்தரப்பு அதையே ஒரு கேள்வியாக அனுப்பும், அந்தக் கேள்வி போய்வர ஒரு வாரம் ஆகும். தகராறுகளை மறைக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டாரோடு வேலிக்காக எழுத்தில் சண்டை நடந்திருந்தால் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் விற்பனை முடிந்த பிறகும் வழக்கு உங்களைத் தேடி வரும்.

படிவத்தோடு போகவேண்டிய சான்றுகளில் அடிக்கடி காணாமல் போவது நான்கு. 2002 ஏப்ரல் 1-க்குப் பிறகு மாற்றிய சன்னல்களுக்கு, சன்னல் பொருத்துபவர்களுக்கான பதிவுத் திட்டமான ஃபென்சாவின் சான்றிதழ் அல்லது நகராட்சியின் சான்றிதழ். கொதிகலன் மாற்றியிருந்தால் எரிவாயு வேலைக்கான கேஸ் சேஃப் பதிவுபெற்றவர் வேலை செய்ததற்கான கட்டட விதிச் சான்றிதழ். 2005 ஜனவரிக்குப் பிறகு செய்த பெரிய மின்வேலைகளுக்கான சான்றிதழ். பின்பக்கம் நீட்டிக் கட்டியிருந்தால் கட்டட விதிப்படி வேலை முடிந்ததற்கான சான்றிதழ். திட்ட அனுமதி இருந்தால் இது வேண்டாம் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு, இரண்டையும் கேட்பார்கள்.

தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பும்போது தாளின் நான்கு மூலையும் தெரியட்டும். "சன்னல் சான்றிதழ்", "கொதிகலன் சான்றிதழ்" என்று ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் வையுங்கள். எண்கள் மட்டும் உள்ள பதினைந்து படங்களை ஒரே மின்னஞ்சலில் அனுப்பினால், அவற்றைப் பிரித்துப் பார்க்க யாருக்காவது நேரம் கிடைக்கும் நாள்வரை அவை அப்படியே கிடக்கும்.

4. சான்றிதழ் இல்லையென்றால் நகராட்சியை அழைக்காதீர்கள்

நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகளில் இது மிகவும் விலை கூடியது. பழைய கட்டட வேலைக்குச் சான்றிதழ் இல்லாதபோது, பல விற்பனைகளில் ஓர் இழப்பீட்டுக் காப்புறுதி எடுத்துப் பிரச்சினையை முடித்துவிடுவார்கள். செலவும் பொதுவாகப் பெரிதாக இருக்காது, ஓரிரு நாளில் கிடைத்துவிடும். ஆனால் நகராட்சி பின்னாளில் நடவடிக்கை எடுத்தால் ஏற்படும் இழப்புக்கான காப்புறுதி அது. ஏற்கெனவே நகராட்சியைத் தொடர்புகொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டவர்களுக்கு அதைத் தர மாட்டார்கள்.

ஒரு நண்பர் சமையலறை நீட்டிப்புக்கு நேர்மையாக விசாரிப்போம் என்று நகராட்சிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். காப்புறுதியின் கதவு அன்றே மூடிவிட்டது. பிறகு நகராட்சியிடமே வேலையை முறைப்படுத்தும் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, ஆய்வாளர் வந்து, உத்திரத்தைப் பார்ப்பதற்காகக் கூரைப்பலகையில் ஒரு பகுதியை வெட்டித் திறந்து காட்டவேண்டியதாயிற்று. வேலையின் பாதுகாப்பில் உங்களுக்கே சந்தேகம் இருந்தால் அந்த வழிதான் சரி. வெறும் தாள் குறைபாடு என்றால் முதலில் சொலிசிட்டரிடம் சொல்லி, அவர் பதில் வரும்வரை யாரையும் அழைக்காமல் இருங்கள்.

5. அடுக்குமாடி வீடு என்றால் நிர்வாகத் தகவல்களைக் காலத்தோடு கேளுங்கள்

லீஸ்ஹோல்ட், அதாவது நில உரிமையாளரிடமிருந்து நீண்டகாலக் குத்தகையில் உள்ள வீடுகளில் தாமதத்தின் தலைநகரம் இதுதான். நிலவாடகை, பராமரிப்புக் கட்டணம், காப்புறுதி, வரப்போகும் பெரிய பழுதுவேலைகள் பற்றிய விவரங்களை எல்பிஇ1 படிவத்தில் நிர்வாக நிறுவனம் தர வேண்டும். அதற்குச் சில நூறு பவுண்டு முன்பணமாகக் கேட்பார்கள். பணம் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் அவர்கள் கணக்குத் தொடங்கும்.

வாங்குபவர் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் போய்விடலாம். வெகு முன்னதாக வாங்கினாலும் சிக்கல், தகவல் பழசாகிவிட்டது என்று புதுப்பிப்புக் கேட்பார்கள். விலைப்பேச்சு ஆரம்பிக்கும் வாரம்தான் சரியான நேரம் என்பது என் அனுபவம். பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இருந்தால் அதற்கு முன் கட்டிவிடுங்கள், பாக்கி தெரிந்தால் வாங்குபவர் தரப்பில் கேள்விகள் கூடும்.

இங்கிலாந்தில் 11 மீட்டர் உயரமோ ஐந்து மாடியோ, அதற்கு மேலோ உள்ள கட்டடமாக இருந்தால் 2022-இன் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குத்தகையாளர் சான்றுப் பத்திரமும் நில உரிமையாளரின் சான்றிதழும் கேட்கப்படும். முதலாவதை நிரப்பவேண்டியவர் நீங்கள். 2022 பிப்ரவரி 14 அன்று அந்த வீடு யாருடைய முதன்மை வசிப்பிடமாக இருந்தது என்ற கேள்வி அதில் வரும். அன்று வேறொருவர் உரிமையாளராக இருந்தால் அவரைத் தேட வேண்டிவரலாம் என்பதால் இதையும் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.

6. கோப்பு யாரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்

விலை படிந்ததும் ஏஜென்ட் இரு தரப்புச் சொலிசிட்டருக்கும் விற்பனைக் குறிப்பை அனுப்புவார். அன்றிலிருந்து ஒரு பக்கத்தில் மூன்று பத்தி வரைந்துகொள்ளுங்கள்: எந்தத் தாள், இப்போது யாரிடம், எந்தத் தேதியிலிருந்து.

வரிசை ஏறக்குறைய இப்படிப் போகும். ஒப்பந்தக் கட்டு உங்கள் தரப்பிலிருந்து போகிறது. வாங்குபவர் தரப்பு தேடல்களுக்குப் பணம் கட்டுகிறது. வீட்டைப் பார்வையிட்ட அறிக்கை வருகிறது. வங்கியின் கடன் உறுதிக்கடிதம் வருகிறது. கேள்விகள் வருகின்றன, பதில்கள் போகின்றன. வாங்குபவருக்கு அவர் சொலிசிட்டர் அறிக்கை எழுதுகிறார். இருவரும் கையெழுத்திடுகிறார்கள், தேதி குறிக்கப்படுகிறது. பிறகு எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒப்பந்தம் இருவரையும் கட்டும் நாள். கடைசியில் கம்ப்ளீஷன், பணமும் சாவியும் கைமாறும் நாள்.

எக்ஸ்சேஞ்ச் நடக்கும்வரை யாரும் எந்த நேரத்திலும் விலகலாம். தாமதம் ஆபத்தாவது அதனால்தான். வாங்குபவரின் கடன் உறுதிக்கடிதம் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம்தான் செல்லும். தேடல்கள் ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் கடன் கொடுப்பவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. இந்த இரண்டு காலாவதித் தேதிகளையும் ஏஜென்ட் மூலம் கேட்டு நோட்டின் மேற்புறம் பெரிதாக எழுதி வையுங்கள். பின்னால் அவசரத்தை விளக்க உங்களிடம் இருக்கும் வலுவான காரணங்கள் இவையே.

7. "என்ன ஆயிற்று?" என்று கேட்காதீர்கள்

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று தினமும் அழைப்பவர்கள் உண்டு. சொலிசிட்டர் அலுவலகத்தில் அது பலிப்பதில்லை. உங்கள் அழைப்பை எடுத்துக் கோப்பைத் திறந்து பதில் சொல்லும் கால்மணி நேரம், உங்கள் கோப்பில் வேலை செய்திருக்கவேண்டிய கால்மணி நேரமாகவே பெரும்பாலும் இருக்கும்.

வாரம் ஒரு மின்னஞ்சல் போதும். நான் செவ்வாய் காலையில் அனுப்புவேன். திங்கள் வார இறுதியின் குவியலில் போய்விடும், வெள்ளி கம்ப்ளீஷன் வேலைகளில் போய்விடும். தலைப்பில் வீட்டு முகவரியும் அவர்களின் கோப்பு எண்ணும் இருக்கட்டும். உள்ளே இவ்வளவுதான்:

"எனக்குத் தெரிந்தவரை ஒப்பந்தக் கட்டு 3-ஆம் தேதி போய்விட்டது. வாங்குபவர் தரப்பின் கேள்விகள் இன்னும் வரவில்லை. இது சரியா? இப்போது என்னிடமிருந்து ஏதாவது வேண்டுமா? அடுத்து நடக்கவேண்டியது எது, அது யார் கையில் இருக்கிறது?"

இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியும், ஆகவே பதில் வரும். "ஆறு வாரமாகிவிட்டது, மிகவும் வருத்தமாக இருக்கிறது, தயவுசெய்து விரைவுபடுத்துங்கள்" என்ற கடிதத்துக்கு யாராலும் உருப்படியாகப் பதில் எழுத முடியாது.

எதிர்த்தரப்புச் சொலிசிட்டரை நீங்கள் நேரடியாக அழைத்துப் பயனில்லை. அவருடைய கடமை வாங்குபவருக்கு, உங்களோடு பேச மாட்டார். ஆனால் ஏஜென்ட் இரு பக்கமும் பேச முடியும், விற்பனை முடிந்தால்தான் அவருக்கும் கூலி. பெரிய ஏஜென்சிகளில் இதற்கென்றே தனி ஆள் இருப்பார். வாரத்துக்கு ஒருமுறை அவரிடம் அதே கேள்விகளைக் கேட்டு, இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் சொலிசிட்டர் "அவர்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்றும், அவர்கள் "இவர்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்றும் சொன்னால், நடுவில் ஒரு மின்னஞ்சல் தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே அந்த முரண்பாட்டை மட்டும் எழுதி உங்கள் சொலிசிட்டருக்கும் ஏஜென்டுக்கும் அனுப்புங்கள். நான் கூட இருந்த விற்பனைகளில் இரண்டு இப்படித்தான் நகர்ந்தன.

8. கேள்விப் பட்டியல் வந்தால் அன்றே பதில்

வாங்குபவர் தரப்பு இருபது, முப்பது கேள்விகள் அனுப்புவது சாதாரணம். அவற்றில் பாதி சட்டக் கேள்விகள், உங்கள் சொலிசிட்டர் பதில் சொல்வார். மீதி உங்களிடம் வரும். அவர்கள் எண்ணிட்ட அதே எண்ணில், கேள்விக்குக் கீழேயே பதிலை எழுதுங்கள். ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை என்பதற்காக மற்றவற்றையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்ததை அனுப்பிவிட்டு, மிச்சத்துக்குத் தேதி சொல்லுங்கள்.

பதில்கள் வாங்குபவரின் சொலிசிட்டருக்குப் போய்ச் சேர்ந்த தேதியையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் அன்றே பதில் சொல்லி, அது உங்கள் சொலிசிட்டர் மேசையில் பத்து நாள் கிடப்பதும் நடக்கிறது.

9. கையெழுத்தை முன்கூட்டியே போட்டுக் கொடுங்கள்

ஒப்பந்தத்திலும் டிஆர்1 என்ற உரிமை மாற்றப் பத்திரத்திலும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் நடக்கும்வரை உங்கள் கையெழுத்து சொலிசிட்டரின் பாதுகாப்பில் இருக்கும் ஒரு தாள், அவ்வளவுதான். உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் அதைப் பயன்படுத்த முடியாது. எனவே தாள் வந்த அன்றே போட்டு அனுப்புங்கள்.

டிஆர்1-க்குச் சாட்சி வேண்டும். கணவன் கையெழுத்துக்கு இன்னொரு உரிமையாளரான மனைவி சாட்சி போட்டால் செல்லாது. பத்திரத்தில் சம்பந்தப்படாத, நேரில் நின்று பார்க்கிற ஒருவர் வேண்டும். குடும்பத்துக்கு வெளியே ஒரு நண்பரோ பக்கத்து வீட்டாரோ நல்லது. பத்திரத்தில் தேதி எழுதும் இடத்தை வெறுமையாக விடுங்கள், அதைச் சொலிசிட்டர் நிரப்புவார்.

உரிமையாளர்களில் ஒருவர் சென்னையிலோ கொழும்பிலோ இருந்தால், அல்லது விற்பனை நடக்கும்போது ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால், முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். இந்த விற்பனைக்கென்று அதிகாரப் பத்திரம் தேவைப்படலாம், அதன் வாசகத்தைச் சொலிசிட்டரே எழுத வேண்டும். விமான நிலையத்திலிருந்து தகவல் சொன்னவர்களின் மூலப் பத்திரம் கூரியரில் வரும்வரை வாங்குபவரும் காத்திருக்க நேர்ந்திருக்கிறது.

10. தேதியை நீங்கள் முன்மொழியுங்கள்

எல்லாம் தயாரான பிறகு தேதி பேசலாம் என்று இருந்தால் அதற்கே இரண்டு வாரம் போகும். கேள்விகள் முடியும் தறுவாயில், ஏஜென்ட் மூலம் மூன்று தேதிகளை, ஒன்றையொன்று நம்பி நிற்கும் விற்பனைகளின் சங்கிலியில் உள்ள எல்லோருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு தேதி கண்ணுக்கு முன்னால் இருந்தால் ஒவ்வொரு அலுவலகமும் அதற்கேற்பத் தன் கோப்பை எடுக்கும்.

விற்பவரோ வாங்குபவரோ தமிழராக இருந்தால் நாள் பார்ப்பதையும் இங்கேயே முடித்துவிடுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. புது வீட்டுக்குள் அந்த மாதத்தில் போக மாட்டோம் என்பவர்கள் அதை ஜூலை 10-ஆம் தேதி சொன்னால், பின்னால் நிற்கும் ஆங்கிலக் குடும்பத்துக்கு என்ன நடக்கிறது என்றே புரியாது. மே மாதமே சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். கம்ப்ளீஷன் நாளில் மணிநேரத்தை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது, வங்கிகள் பணத்தை நகர்த்தும் நேரம்தான் நேரம். ராகுகாலம் பார்ப்பவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு, பால் காய்ச்சுவதை வேறொரு நல்ல நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தால் நல்லது. பெரும்பாலோர் அதைத்தான் கேட்பதால் அன்று பணம் பிந்துவதற்கு வாய்ப்பு அதிகம். பிந்தினால் திங்கள்வரை லாரியும் குடும்பமும் நடுத்தெருவில். எக்ஸ்சேஞ்ச் முடியும் முன் லாரிக்குப் பணம் கட்ட வேண்டாம். வீடு மாறும் நிறுவனத்திடம் தேதியைத் தற்காலிகமாக வைத்திருக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

வாங்குபவரிடம் காலக்கெடு வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் தவறினால் வீட்டை உண்மையிலேயே மறுபடி சந்தையில் போடத் தயாராக இருந்தால் மட்டும். வெறும் மிரட்டல் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த காலக்கெடுவை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

11. உங்கள் சொலிசிட்டரே பதில் சொல்லாவிட்டால்

இரண்டு வாரம் தொடர்ந்து பதில் இல்லை என்றால் படி ஏறுங்கள். முதல் படி, அமர்த்தியபோது வந்த நிபந்தனைக் கடிதத்தைத் திறந்து, உங்கள் கோப்பை மேற்பார்வை செய்பவர் யார் என்று பார்ப்பது. அவருக்கு உங்கள் நோட்டிலிருந்து தேதிகளோடு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கோபமான சொற்கள் தேவையில்லை, "12-ஆம் தேதி பதில்கள் கொடுத்தேன், 30-ஆம் தேதிவரை அனுப்பப்படவில்லை" என்ற வரியே போதும். பெரும்பாலும் இந்தப் படியிலேயே கோப்பு வேறொருவர் கைக்கு மாறி நகர ஆரம்பிக்கும்.

அதுவும் பலிக்காவிட்டால், "இது முறைப்படியான புகார்" என்று தலைப்பிலேயே எழுதி, நிறுவனத்தின் புகார் நடைமுறைப்படி அனுப்புங்கள். தீர்க்க அவர்களுக்கு எட்டு வாரம் உண்டு. அதற்குப் பிறகும், அல்லது அவர்களின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டாலும், சட்டச் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். இறுதிப் பதிலிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், தவறு நடந்த அல்லது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள்ளும் போக வேண்டும். அவர்களால் கட்டணத்தைக் குறைக்கவும் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட முடியும். உங்கள் விற்பனையை அடுத்த வாரம் முடித்துத்தர முடியாது. ஆகவே புகாரை வீடு விற்கும் வழியாக நம்பியிருக்காதீர்கள்.

சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி வேறு. நேர்மையின்மை, பணம் காணாமல் போவது போன்ற நடத்தைக் குற்றங்களுக்கு அங்கே போக வேண்டும், வெறும் தாமதத்துக்கு அல்ல. உங்களுக்கு வேலை செய்பவர் சொலிசிட்டராக இல்லாமல், வீடு கைமாறும் சட்ட வேலைக்கென்று லைசென்ஸ் பெற்ற கன்வெயன்சராக இருந்தால் அவரைக் கண்காணிப்பது கவுன்சில் ஃபார் லைசென்ஸ்டு கன்வெயன்சர்ஸ். சேவைக் குறைபாட்டுக்கு இரு வகையினருக்கும் லீகல் ஒம்புட்ஸ்மன்தான்.

நடுவில் சொலிசிட்டரை மாற்றலாமா? ஒப்பந்தக் கட்டு போகும் முன் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். கேள்விகள் முடியும் கட்டத்தில் என்றால் பொறுமையாக மேற்பார்வையாளரைப் பிடித்து முடிப்பதே மேல். மாற்றினால் அடையாளச் சோதனை முதலிலிருந்து தொடங்கும், பழைய நிறுவனம் தன் கட்டணம் வரும்வரை கோப்பைப் பிடித்து வைக்கலாம்.

12. எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகும் பிந்தினால்

எக்ஸ்சேஞ்ச் முடிந்த பிறகு நிலைமை தலைகீழ். வாங்குபவர் வழக்கமாக 10 சதவீத முன்பணம் கட்டியிருப்பார். வழக்கமான விற்பனை நிபந்தனைகளின்படி குறித்த நாளில் பிற்பகல் 2 மணிக்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால் பிந்திய நாட்களுக்கு வட்டி கோரலாம். உங்கள் சொலிசிட்டர் முடித்துத்தரக் கோரும் அறிவிப்பை அனுப்பினால் எதிர்த்தரப்புக்குப் பத்து வேலை நாள் கிடைக்கும். அதிலும் தவறினால் முன்பணத்தை நீங்கள் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தை முறிக்கலாம். அறிவிப்பு அனுப்பத் தகுதிபெற உங்கள் தரப்பு முழுமையாகத் தயாராக இருக்க வேண்டும்.

அன்றைய நாளில் பணம் வந்துவிட்டது என்று உங்கள் சொலிசிட்டர் சொல்லும்வரை சாவியை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். லாரியோடு வாசலில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால் மனம் இளகும். அப்போதும் ஏஜென்ட் கையால்தான் சாவி போக வேண்டும்.

வீட்டுக் கடனுக்கான மாதக் கட்டளையை அன்றே நிறுத்த வேண்டாம். கடன் அடைந்துவிட்டது என்று வங்கியிடமிருந்து கடிதம் வந்த பிறகு நிறுத்துங்கள். விற்றது நீங்கள் குடியிருந்த வீடாக இல்லாமல் வாடகைக்கு விட்ட வீடாக இருந்து, மூலதன ஆதாய வரி வருமானால், கம்ப்ளீஷன் நாளிலிருந்து 60 நாளுக்குள் கணக்குக் காட்டி வரியையும் கட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர்கள் வரி வராவிட்டாலும் அதே 60 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். சொலிசிட்டர் இதைத் தானாகச் செய்வதில்லை, உங்கள் கணக்காளரிடம் கம்ப்ளீஷன் அறிக்கையின் நகலை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.